பரங்கிமலை ஆலயமும் பாரசீகச் சிலுவையும்

பாடி, கொரட்டூர், அம்பத்தூர், வில்லிவாக்கம் ஆகிய பகுதிகளில் வாழும் நம் பங்குக் குடும்பங்களுக்குப் பரங்கிமலை தொலைவான இடமன்று. பாடியிலிருந்து தெற்கே செல்லும் நூறடிச் சாலை கோயம்பேட்டையும் வடபழனியையும் கடந்து கத்திப்பாராவில் சென்று முடிகிறது. அங்கிருந்து தலைநிமிர்ந்து நோக்கினால் மலையும், மலைமேல் வெண்ணிற ஆலயமும் கண்ணுக்குத் தெரியும். திருமங்கலத்தில் மெட்ரோ இரயில் ஏறுவோரை அது மலையின் பெயர் தாங்கிய நிலையத்திலேயே இறக்கிவிடுகிறது. தவக்காலத்தில் சிலுவைப் பாதை செய்யவும், நேர்ச்சை செலுத்தவும் நம்மவர் பலர் அங்குச் செல்கின்றனர். படியேறுகின்றனர்; மெழுகுவர்த்தி ஏற்றுகின்றனர்; பீடத்திற்குப் பின்புறமுள்ள கற்சிலுவையை எட்டநின்று வணங்கித் திரும்புகின்றனர். அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் மட்டும் விடை ஆளுக்கொன்றாக வருகிறது. 'தோமையாரே தம் கையால் செதுக்கியது' என்பார் ஒருவர். 'அவருடைய வரலாறு அதில் முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது' என்பார் மற்றொருவர். இவ்விரண்டும் சரியல்ல. சரியான விடை எதுவென்பதைச் சற்று விரிவாகவே இங்குக் காண்போம்.

ஐரோப்பிய நாடுகளில் சிற்றூர்தோறும் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையுடைய பங்கு ஆலயம் ஒன்று நிற்பதைப் படங்களில் கண்டு வியக்கிறோம். நம் நாட்டிலோ, பழமையான ஆலயம் என்றதும் நாம் சுட்டிக்காட்டுபவை பெரும்பாலும் போர்த்துக்கீசியர் வந்தபின் எழுந்தவை. மயிலாப்பூர் லஸ் ஆலயத்துக் கல் 1516 என்ற ஆண்டைக் காட்டுகிறது. சின்னமலை ஆலயம் 1551-இல் கட்டப்பட்டது. அப்படியாயின், அதற்கு முந்திய இடைக்காலத்தில் தொண்டை நாட்டில் கிறிஸ்தவ ஆலயமே இருந்ததில்லையா? இருந்தது. அதன் சுவர்கள் போய்விட்டன. ஆனால், அக்காலத்துக் கல் ஒன்று பரங்கிமலையில் எஞ்சி நிற்கிறது.

கடற்கரையில் இருந்த ஆலயம்

திருத்தூதர் தோமையாரின் நினைவு நம் பகுதியில் மூன்று இடங்களோடு இணைந்துள்ளது. அவர் ஒளிந்து வாழ்ந்ததாகச் சொல்லப்படும் குகை சின்னமலையிலும், அவர் உயிர்நீத்த இடம் பரங்கிமலையிலும், அவரது கல்லறை மயிலாப்பூர்க் கடற்கரையில் சாந்தோமிலும் உள்ளன என்பது நம் முன்னோர் வழிவழியாகக் காத்துவந்த மரபு. இவற்றுள் இடைக்காலப் பயணிகள் தம் எழுத்துகளில் குறிப்பிடுவது பெரும்பாலும் கல்லறை ஆலயத்தையே. ஆதலின், மலைக்கு ஏறுமுன் கடற்கரைக்குச் சென்று வருதல் வேண்டும்.

ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு நாட்டுத் தூர் நகர ஆயர் கிரகோரியார், தோமையாரின் உடல் முதலில் வைக்கப்பட்டிருந்த இந்திய நாட்டு இடத்தில் ஒரு துறவு மடமும் பெரியதோர் ஆலயமும் உள்ளன என்றும், அங்கு நேரிற் சென்று வந்த தெயதோர் என்பவர் சொல்லக் கேட்டதாகவும் எழுதி வைத்துள்ளார். ஊர்ப் பெயரை அவர் குறிப்பிடவில்லை. கி.பி. 883-இல் இங்கிலாந்து மன்னர் ஆல்பிரட், இந்தியாவிலுள்ள புனித தோமையாருக்குக் காணிக்கை அனுப்பினார் என்று ஆங்கிலேயரின் பழைய ஆண்டுக் குறிப்பு கூறுகிறது.

இவற்றைவிட உறுதியான செய்தி பதின்மூன்றாம் நூற்றாண்டில் கிடைக்கிறது. சீனம் சென்று மறைபரப்பிய பிரான்சிஸ்கன் துறவி மொந்தேகொர்வினோ யோவான், 1291-ஐ ஒட்டிய காலத்தில் தோமையார் ஆலயம் இருந்த இந்நாட்டில் 13 மாதங்கள் தங்கினார். ஏறத்தாழ நூறு பேருக்குத் திருமுழுக்கு அளித்தார். அவரோடு பயணம் செய்த தொமினிக்கன் துறவி பிஸ்தோயா நிக்கோலாஸ் இங்கேயே இறந்து அவ்வாலயத்தினுள் அடக்கம் செய்யப்பட்டார். பின்னாளில் பீக்கிங்கிலிருந்து யோவான் எழுதிய மடலில் இச்செய்திகள் உள்ளன. பெயர் தெரிந்த ஓர் ஐரோப்பியத் துறவியின் உடல் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் கலந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வந்தவர் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ. அவர் காட்டும் ஊர் மிகச் சிறியது, வாணிகர் நாடாதது, ஆனால் கிறிஸ்தவரும் முகமதியரும் ஒருங்கே யாத்திரை வரும் இடம். யாத்திரிகர்கள் அவ்விடத்துச் செம்மண்ணை எடுத்துச் சென்று நோயாளிகளுக்குக் கொடுப்பார்களாம். அவர் கூறும் கதை ஒன்றும் உண்டு. அந்நாட்டுத் தலைவன் ஒருவனுக்கு ஓராண்டு நெல் விளைச்சல் மிகுந்துபோயிற்று. சேர்த்து வைக்க இடமில்லாமல், ஆலயத்தைச் சேர்ந்த வீடுகளிலெல்லாம் அதைக் கொட்டி நிரப்பினான். ஆலயக் காவலர்கள் கெஞ்சியும் கேட்கவில்லை. அன்றிரவு தோமையார் கையில் கவைக்கோலுடன் தோன்றி அவன் கழுத்தில் அதை வைத்து, வீட்டை உடனே காலி செய்யாவிடில் உயிர் போகும் என்று எச்சரித்தார். விடிந்ததும் நெல் வெளியேறிற்று. புதுமையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் கதையின் ஓரத்தில் கிடக்கும் செய்திகளைப் பாருங்கள். அக்கால ஆலயத்திற்குக் காவலர்கள் இருந்தனர். யாத்திரிகர் தங்கும் வீடுகள் பல இருந்தன. அவற்றைக் கைப்பற்றும் அளவுக்கு அதிகாரம் படைத்தவர்களும் அருகிலேயே இருந்தனர். ஒரு பங்கின் சொத்தைப் பற்றிய வழக்கு அன்றும் இருந்திருக்கிறது!

1320-களில் வந்த ஓதோரிக் என்ற துறவி, ஆலயத்தை அடுத்துக் கீழைச் சிரியத் திருச்சபையைச் சேர்ந்தோரின் வீடுகள் 15 இருந்தன என்கிறார். நூறாண்டு கழித்து வந்த நிக்கோலோ கோந்தி, ஆலயம் பெரியது, அழகியது என்றும், அத்திருச்சபையார் ஆயிரம் பேர் அங்கு வாழ்ந்தனர் என்றும் எழுதுகிறார். இடையில் என்ன நேர்ந்ததோ, 1515-ஐ ஒட்டிப் போர்த்துக்கீசியர் பர்போசா வரைந்த குறிப்பில் ஆலயம் பாழடைந்து புதர் மண்டிக் கிடக்கிறது. ஏழை முகமதியர் ஒருவர் அதைப் பார்த்துக்கொள்கிறார். வருவோர் போவோரிடம் பிச்சை கேட்டு, அந்தப் பணத்தில் அங்கே இரவு விளக்கு எரியச் செய்கிறார். கிறிஸ்தவர்கள் காக்கத் தவறிய விளக்கை அணையாமல் காத்த அம்மனிதரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

1517-இல் போர்த்துக்கீசியர் சிலர் அர்மீனிய வணிகர் ஒருவரின் துணையோடு பழவேற்காட்டில் இறங்கி மயிலாப்பூருக்கு வந்தனர். 1523-இல் கல்லறையைத் தோண்டி ஆலயத்தைச் சீரமைக்கத் தொடங்கினர். இங்ஙனம் இடைக்கால ஆலயம் போர்த்துக்கீசிய ஆலயமாயிற்று. பின்னர் 1893-இல் அந்தப் போர்த்துக்கீசிய ஆலயமும் முற்றிலும் அகற்றப்பட்டது. இன்று நாம் காணும் உயர்ந்த கோபுரமுடைய கோத்திக் பாணிப் பேராலயம் 1896-இல் அருட்பொழிவு பெற்றது. அதன் அழகை யாரும் மறுப்பதற்கில்லை. எனினும் மார்க்கோ போலோவின் காலத்துச் சுவரில் ஒரு செங்கல்லேனும் அங்கே நம் கண்ணுக்குக் காட்டப்பட்டிருக்கலாகாதா என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

மலையில் கிடைத்த கல்

இனி மலைக்கு வருவோம். ஏறத்தாழ முந்நூறு அடி உயரமுள்ள இக்குன்று, நிலநூலார் உலகெங்கும் அறிந்த குன்று. கருநீலச் சாயலுடைய இதன் பாறைக்குச் 'சார்னோக்கைட்' என்று பெயர். கல்கத்தாவை நிறுவிய ஜோப் சார்னோக் என்பாரின் கல்லறைக்கு இப்பகுதிக் கல்லே கொண்டு செல்லப்பட்டதால், 1893-இல் ஆலந்து என்ற அறிஞர் இப்பெயரை வைத்தார்.

மலையுச்சியில் போர்த்துக்கீசியர் 1523-ஐ ஒட்டிச் சிறு ஆலயம் எழுப்பியதாகக் கூறுவர். 1547-இல் கட்டட வேலைக்காகப் பழைய இடிபாடுகளை அகற்றித் தோண்டிய போது, ஒருபுறம் சிலுவை செதுக்கப்பட்ட கற்பலகை ஒன்று வெளிப்பட்டது. சிலுவையைச் சுற்றி வளைவாக ஓடிய எழுத்துகளை அங்கிருந்தோர் எவராலும் படிக்க இயலவில்லை. கல்லை அவர்கள் புதிய ஆலயத்தின் பீடத்திற்கு மேல் சுவரில் பதித்தனர். வடபுற அடிவாரத்து வளைவின் உச்சியிலுள்ள சிலுவையில் 1547 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பதை மலையேறுவோர் இன்றும் காணலாம்.

இந்தக் கல்லை நம்மவர் ஒரு நிமிடமேனும் கூர்ந்து நோக்க வேண்டும். நடுவிலுள்ள சிலுவையில் பாடுபட்ட ஆண்டவரின் உருவம் இல்லை. நான்கு முனைகளும் மொட்டு விரிவதுபோல் விரிகின்றன. அடியில் படிகளும், அவற்றிலிருந்து இருபுறமும் சுருண்டெழும் இலைகளும் உள்ளன. மேலே ஒரு புறா, தலைகீழாக, சிலுவையின் உச்சியை நோக்கி இறங்குகிறது. தூய ஆவியாரின் அடையாளம் அது. இவையெல்லாம் பாரசீகத்திலிருந்த கீழைத் திருச்சபையின் வழக்கம்.

ஆனால் சிலுவைக்கு இருபுறமும் நிற்கும் தூண்களைப் பாருங்கள். ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு விலங்கு வாய்திறந்து அமர்ந்திருக்கிறது. அவ்வாயிலிருந்து புறப்படும் வளைவு சிலுவையின் மேலாகச் சென்று மற்றை விலங்கின் வாயில் முடிகிறது. இதை நாம் வேறெங்கேனும் கண்டிருக்கிறோமா? நம் நாட்டுக் கோயில்களில் தெய்வத் திருவுருவங்களுக்கு மேல் சிற்பிகள் அமைக்கும் மகர தோரணம் அன்றோ இது! பாடித் திருவலிதாயத்தையும் மயிலாப்பூரையும் திருஞானசம்பந்தர் பாடியது ஏழாம் நூற்றாண்டில். அதே காலத்திலோ, அதற்கு ஓரிரு நூற்றாண்டுக்குப் பின்னரோ இச்சிலுவையும் செதுக்கப்பட்டதாக அறிஞர் பலர் கருதுகின்றனர். கேட்டவர் பாரசீகத் திருச்சபையைச் சேர்ந்தவர். கல்லைச் செதுக்கிய கையோ தோரணம் அமைத்துப் பழகிய இந்நாட்டுக் கை என்றே எனக்குத் தோன்றுகிறது. 'நம் நாட்டுக் கலைமரபை வழிபாட்டில் ஏற்கலாமா?' என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பிறகு நாம் எவ்வளவோ வாதிட்டிருக்கிறோம். அந்த முன்னோர் அதைப் பற்றிக் கருத்தரங்கு எதுவும் நடத்தியதாகத் தெரியவில்லை.

எழுத்து சொல்லும் செய்தி

எழுத்துக்கு வருவோம். கல் கிடைத்த சில ஆண்டுகளுக்குப் பின், 1561-இல், விசயநகர நாட்டைச் சேர்ந்த அந்தணப் புலவர் ஒருவரைப் போர்த்துக்கீசியர் அழைத்து வந்தனர். அவர் கல்லைப் பார்த்து நீண்டதொரு செய்தியைப் படித்துக் காட்டினார். தோமையார் மயிலாப்பூரில் இறந்த நாள், கடவுள் கன்னிமரியிடம் பிறந்த மறைபொருள், திருத்தூதர்க்கு அளிக்கப்பட்ட போதனை ஆகிய அனைத்தும் அதில் அடங்கியிருந்தனவாம். வேறொரு புலவரை வரவழைத்தபோது அவரும் அப்படியே படித்தாராம். இச்செய்தி ஐரோப்பாவுக்குச் சென்று நூல்களில் ஏறியது. நம் பழைய பக்தி நூல்கள் சிலவும் அவற்றைப் பின்பற்றின.

அந்தப் புலவர் படித்ததில் ஒரு சொல்லும் கல்லில் இல்லை. ஒரு சிறு வளைவுக்குள் அடங்கிய எழுத்திலிருந்து அவ்வளவு நீண்ட வரலாறு வரவியலாது என்பது எண்ணிப் பார்த்தாலே விளங்கும். கேட்டவர் எதை விரும்பினரோ அதைச் சொன்னவர் கொடுத்தார். அவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. கேட்டவருக்கும் அதில் பங்குண்டு.

முந்நூறு ஆண்டுகள் கழிந்தன. சென்னை மாகாணத்தில் அரசுப்பணி புரிந்த பர்னல் என்ற ஆங்கிலேய அறிஞர், இவ்வெழுத்து பழைய பாரசீகத்தில் வழங்கிய பாஹ்லவி எழுத்து என்று 1873-இல் எடுத்துக்காட்டினார். அவரும் அவருக்குப் பின் வந்தோரும் தனித்தனியே மொழிபெயர்த்தனர். ஒருவர் கண்ட பொருள் மற்றவர் கண்டதோடு ஒத்துப்போகவில்லை. பாஹ்லவியில் ஓரெழுத்தே பல ஒலிகளைக் குறிக்கும், கல்லும் தேய்ந்தது. 1920-களின் இறுதியில் கேம்பிரிட்ஜ் அறிஞர் வின்க்வொர்த் கண்ட பொருள், சிற்சில திருத்தங்களோடு, பின்னர்ப் பலராலும் ஏற்கப்பட்டது. அதன்படி, சகர்புக்த் என்பவரின் மகனும் சிரியத் திருச்சபையினனுமான அப்ராஸ் என்பவன்மீது ஆண்டவராகிய கிறிஸ்து இரக்கம் கொள்ளுமாறு அவ்வெழுத்து மன்றாடுகிறது. இக்கல்லை அமைத்தவன் அவனே என்று முடிகிறது. அவ்வளவுதான்.

தோமையாரின் பெயர் அதில் இல்லை என்பது நம்மில் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பொய்யாகப் படிக்கப்பட்ட அந்த நீண்ட வரலாறு திருத்தூதருக்கு ஒரு பெருமையையும் சேர்க்கவில்லை. அவரது மரபு தாங்கி நிற்பது வேறு சான்றுகளால், இடையறாத யாத்திரையால், தலைமுறை தலைமுறையாக வந்த நினைவால். நம் பிள்ளைகள் ஒருநாள் கல்லூரிக்குச் சென்று உண்மையை வேறொருவர் வாயிலாக அறிந்து, 'கோயிலில் சொன்னதெல்லாம் இப்படித்தானோ?' என்று ஐயுறுவதைவிட, நாமே மறைக்கல்வி வகுப்பில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது நன்று. திருப்பலியின் தொடக்கத்தில் நாம் அன்றாடம் சொல்லும் இரக்க மன்றாட்டையே அந்த அப்ராஸும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் தன் மொழியில் கல்லில் எழுதி வைத்தான். வீட்டு மனிதர் ஒருவரின் குரல் போலன்றோ இருக்கிறது!

இக்கல்லுக்கு உடன்பிறப்புகளும் உண்டு. கேரளத்தில் கோட்டயம் வலியபள்ளியில் இரண்டு, கடமற்றம், முட்டுச்சிறை, ஆலங்காடு ஆகிய இடங்களில் ஒவ்வொன்று எனப் பாஹ்லவி எழுத்துடைய சிலுவைகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் இதே மன்றாட்டே மீண்டும் வருகிறது. இலங்கை அனுராதபுரத்தில் 1912-இல் அகழ்ந்தெடுத்த சிலுவை எழுத்தற்றது. ஆயினும் அதே வடிவுடையது. கொல்லத்தில் கி.பி. 849-இல் தரிசாப்பள்ளி என்ற ஆலயத்துக்கு அய்யன் அடிகள் வழங்கிய செப்பேட்டில் சாட்சிகள் சிலர் பாஹ்லவியில் கையொப்பமிட்டுள்ளனர். ஆக, பாரசீக வளைகுடாவிலிருந்து மிளகும் முத்தும் நாடி வந்த வணிகரோடு அவர்தம் குருக்களும் வந்தனர். மேலைக் கரையிலும், ஈழத்திலும், நம் மயிலாப்பூரிலும் ஒரே செபத்தைச் சொன்னார்கள். நம் பரங்கிமலைக் கல் அந்தப் பெரிய குடும்பத்தின் கீழைக்கரை உறுப்பு.

இன்றுள்ள ஆலயம்

கல்லைச் சுற்றி எழுந்த ஆலயம் எளியது. தடித்த சுண்ணாம்புச் சுவர்கள், நீண்டதொரு கூடம், பெருங்காற்றைத் தாங்கும் அடக்கமான உயரம். பேராலயங்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு அது சிறிதாகவே தோன்றும். மகவை எதிர்நோக்கியிருந்த மரியன்னைக்கு அது நேர்ந்தளிக்கப்பட்டது. இத்திருநாளை டிசம்பர் 18-இல் கொண்டாட வேண்டுமென்று ஸ்பெயின் நாட்டுத் தொலேதோ நகரச் சங்கம் கி.பி. 656-இல் விதித்தது, போர்த்துக்கீசியர் அவ்வழக்கத்தை இங்குக் கொணர்ந்தனர். 1558-ஆம் ஆண்டு அதே டிசம்பர் 18-இல், திருப்பலி நடந்துகொண்டிருந்தபோது கற்சிலுவையில் குருதி போன்று வியர்வை அரும்பியதை மக்கள் கண்டதாகப் பதிவு உள்ளது. பலமுறை நிகழ்ந்த இது 1704-க்குப் பின் நிகழவில்லை என்பர். அதனால்தான் 'இரத்தம் சிந்திய சிலுவை' என்ற பெயர் வழங்குகிறது. இத்தகைய நிகழ்ச்சிகளை விசுவாசக் கோட்பாடாக ஏற்கும்படி திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. அதே நேரத்தில், கண்டவர்களின் பக்தியை இகழ்வதும் முறையன்று.

புனித லூக்காஸ் வரைந்து தோமையார் கொண்டுவந்ததாக மரபு கூறும் மாதா படமும் இங்கு வணக்கம் பெறுகிறது. தரையில் அர்மீனிய எழுத்துடைய கல்லறைக் கற்களைக் காணலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னையில் செல்வாக்குடன் வாழ்ந்த அர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான், யாத்திரிகர் நலன் கருதி மலைக்குக் கற்படிகள் அமைத்தார். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-இல் பாலம் கட்டியவரும் இவரே. அப்பாலம் இன்று இல்லை. அவர் நாட்டிய கல்வெட்டு மட்டும் புதிய மறைமலையடிகள் பாலத்தருகே நிற்கிறது. 1759-இல் இம்மலையடியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதனர். 1802-இல் இந்திய நாட்டை அளக்கும் மாபெரும் பணிக்கு லாம்ப்டன் இம்மலையருகேதான் முதற் கோடு இழுத்தார். ஆலயம் இவற்றையெல்லாம் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இங்கு வந்து செபித்தார். 2002-இல் செங்கற்பட்டு மறைமாவட்டம் உருவானபோது மலை அதன் எல்லைக்குள் சேர்ந்தது.

இதை எழுதும்போது நம் பங்குகளில் நடைபெறும் திருப்பணிகளும் நினைவுக்கு வருகின்றன. ஆலயத்தைப் பெரிதாக்குவதும் புதுப்பிப்பதும் தேவையே; மக்கள் பெருகுகின்றனர். ஆனால் பழைய தரைக்கல்லைப் பெயர்க்குமுன் அதன் மறுபக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எழுத்திருந்தால் படம் எடுங்கள். படிக்க முடியாவிட்டால் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பழைய திருமுழுக்குத் தொட்டி, மரப்பீடம், மணி ஆகியவற்றின் ஆண்டைப் பங்கு ஏட்டில் குறித்து வையுங்கள். 1547-இல் மலையில் வேலை செய்த கொத்தர்கள், படிக்க முடியாத கல் என்று அதை உடைத்து அடித்தளத்தில் போட்டிருந்தால், அப்ராஸின் மன்றாட்டு நமக்குக் கிடைத்திராது.

அடுத்தமுறை குடும்பத்தோடு மலைக்குச் செல்லும்போது, திருப்பலி நேரம் தவிர்த்து, கூட்டமில்லாத வேளையில் பீடத்தருகே சென்று பிள்ளைகளுக்குக் கல்லைக் காட்டுங்கள். முதலில் புறாவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தலைகீழாக இருப்பதால் சற்று நேரம் பிடிக்கும். பிறகு இரு தூண்களின் மேலுள்ள மகரங்களை. எழுத்து வளைவின்மேல் ஓடுகிறது. பாஹ்லவியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.